அறுபதுக்கு மேல் நாயனமும் தவிலும்: உடம்பைக் கெடுக்கும் பழக்கங்கள்

இரவு ஒன்பது மணிக்குப் புறப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். அலங்காரம் முடிந்து சுவாமி வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரியில் தொடங்கி, நான்கு வீதியும் சுற்றி, சுவாமியை நிறுத்தி உபசரிக்கும் மண்டகப்படிதோறும் நின்று வாசித்து, மறுபடி கோபுர வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மூன்றரை. எனக்கு வயது 64. முப்பது வயதில் இதே வீதிகளில் இதே போல விடிய விடிய வாசித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அடுத்த ஊர் முகூர்த்தத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். இந்த முறையோ, நாயனத்தை, அதாவது நாதஸ்வரத்தை, பெட்டியில் வைக்கக் குனிந்தவன், நிமிர முடியாமல் கோபுரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு மருத்துவர்களிடம் போய் வந்ததில் ஒன்று தெளிவாயிற்று. வாசித்த நேரத்தைவிட, வாசிக்கக் காத்திருந்த நேரத்திலும் வாசித்து முடித்த பிறகும் நான் செய்தவைதான் உடம்பை அதிகம் வாட்டியிருக்கின்றன. எப்போது சாப்பிட்டேன், எதை விழுங்கினேன், எதைக் குடிக்காமல் இருந்தேன், எந்தத் தரையில் நடந்தேன் என்பவைதான் கணக்கு.

நமக்கு ராகம் சொல்லிக்கொடுத்தார்கள், லயம் சொல்லிக்கொடுத்தார்கள். எழுபது வயதில் எப்படி வாசிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாம் தெய்வமாக நினைக்கும் பலர் அந்த வயதைப் பார்க்கவே இல்லை. நாயன மேதை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அறுபதைத் தொடவில்லை. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) ஐம்பதைத் தொடவில்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தபோது அவருக்கு நாற்பது சொச்சம்தான். ஆகவே வயதான வித்துவானின் உடம்புக்கென்று ஒரு பாடம் நம் மரபில் சேரவில்லை. அதை நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாத்திரை எட்டு மணிக்கு, சாப்பாடு ஒரு மணிக்கு

எல்லாத் தவறுகளிலும் இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். நம் செட்டுகளில், அதாவது வாசிப்புக் குழுக்களில், ஐம்பதைத் தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்கும்போது இரவு எட்டு மணிக்கு மாத்திரை, எட்டரைக்குச் சாப்பாடு. திருவிழாவிலும் அதே எட்டு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிடுகிறோம். சாப்பாடு மட்டும் புறப்பாடு முடிந்த பிறகு.

கிளிமிபிரைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. உள்ளே போனதும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துவிடும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். வயிற்றில் எதுவும் இல்லாமல், மேலும் கீழுமாக நடந்து, மூச்சைக் கொட்டி வாசிக்கும்போது இரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், சிந்தனை குழம்பும். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள தவில்காரர் ஒருவர் கோர்வையில் (தாளக் கணக்கோடு முடிக்கும் சொற்கட்டில்) கணக்கைத் தவறவிட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர், "குடித்துவிட்டு வந்திருக்கிறார்" என்றார். அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. அன்று மத்தியானத்திலிருந்து அவர் எதையும் சாப்பிடவில்லை என்பது அவரை உட்கார வைத்த பிறகுதான் தெரிந்தது.

திருவிழா நாளில் எந்த நேரம் சாப்பிடுவீர்கள் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை நேரத்தை மாற்றிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். புறப்பாடு தாமதமானால் காத்திருக்கும் இடத்திலேயே இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிடுங்கள். சட்டைப் பையிலோ இடுப்பு மடியிலோ சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் தெரிந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். சரியாகவில்லையென்றால் மறுபடியும் குடிக்க வேண்டும். செட்டில் இருக்கும் இளைஞர் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை இறங்கியவருக்குத் தன் நிலைமை தனக்கே தெரியாமல் போகலாம்.

பிறகு, ஒரு மணிக்கு இலை போட்டதும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அப்படியே மண்டபத்தில் துண்டை விரித்துப் படுப்பது. நெஞ்செரிச்சலுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. நாயனக்காரருக்கு இது இரட்டைக் கேடு. மறுநாள் காலை ஊதும்போது வயிற்றில் ஏறும் அழுத்தம் அந்த அமிலத்தை மேலே தள்ளும்.

தண்ணீரும் வலி மாத்திரையும்

வீதியில் ஒதுங்க இடமில்லை என்பதால் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம். அறுபதுக்கு மேல் புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே இரவில் இரத்த அழுத்த மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் உள்ளே இருக்கின்றன. முதுகு பிடித்துக்கொண்டதும் எதிர்க் கடையில் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். சில வகை அழுத்த மாத்திரைகள், நீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் வறண்ட உடம்பில் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். மருத்துவர்கள் தனியாகவே எச்சரிக்கிற கூட்டணி இது. பத்து நாள் உற்சவத்தில் பத்து நாளும் வலி மாத்திரை போட்டு வாசித்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

கழிப்பறை எங்கே என்பதை முன்பணம் வாங்கும்போதே கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. எந்த மண்டகப்படியில் எவ்வளவு நேரம் நிற்கும், அங்கே யார் வீட்டில் ஒதுங்கலாம் என்று தெரிந்துவிட்டால், பயமில்லாமல் அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம். வலிக்கு எந்த மாத்திரை உங்களுக்குப் பாதுகாப்பானது என்பதை, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் காட்டி மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறுங்கால்

பங்குனி, சித்திரையில் பகல் புறப்பாடு என்றால் பிரகாரக் கல் அடுப்பு போலக் கிடக்கும். சர்க்கரையால் காலில் உணர்வு மங்கியவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்ததே மறுநாள் ஈரத்தைப் பார்த்துத்தான் தெரியும். கால் விரலை இழந்த வித்துவான்களை நம்மில் பலருக்குத் தெரியும். இறைவன் முன்னால் வெறுங்காலோடுதான் வாசிப்பேன் என்ற பக்தியை நான் மதிக்கிறேன், நானும் அப்படித்தான். ஆனால் உணர்வு குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், நிர்வாகத்தாரிடம் காரணத்தைச் சொல்லித் தடித்த பருத்திக் காலுறைக்கு அனுமதி கேளுங்கள். கிடைக்காத இடத்தில் பகல் புறப்பாட்டை இளையவரிடம் விட்டுவிட்டு, இரவுப் புறப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைச் சரிபார்ப்பதுபோலப் பழக்கமாக வேண்டும்.

ஒரே தோளில் தவில்

மூங்கில் வளையமும் தோல் வாரும் இருந்த இடத்தில் இரும்பு வளையமும் போல்ட்டும் வந்த பிறகு, தவிலின் நாதம் கூடியது, எடையும் கூடியது. பத்துக் கிலோவைத் தாண்டும் வாத்தியத்தை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் நடப்பதை இருபது வயதுத் தசை தாங்கும். அறுபது வயதில் அந்த எடையைத் தாங்குவது தசையல்ல, கழுத்து எலும்பும் இடுப்பு எலும்பும். வார் மெல்லியதாக இருந்தால் தோளில் போகும் நரம்பை அழுத்திக் கை மரத்துப் போகும். நான்கு விரல் அகலத்துக்குக் குறையாத, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த வார் பெரிய செலவில்லை. மண்டகப்படியில் நிற்கும்போதெல்லாம் தவிலை இறக்கி வைக்க ஒரு சின்ன முக்காலியை உடன் வருபவர் தூக்கி வரலாம். இரட்டைத் தவில் இருந்தால் இருவரும் எல்லா நேரமும் சேர்ந்தே வாசிக்க வேண்டும் என்பதில்லை. தனி ஆவர்த்தனத்தில் மாறி மாறி வாசிக்கிற நமக்கு வீதியிலும் அப்படி வாசிக்கத் தெரியும்.

தவில் வாசிக்க விரல்களில் மாட்டிக்கொள்ளும் விரல் கூடு இன்னொரு தொல்லை. வயதானால் மாலையில் விரல் வீங்கும். இளமையில் அளவெடுத்துச் செய்த கூட்டை அதே விரலில் திணித்துக்கொண்டு வாசித்தால் இரத்த ஓட்டம் தடைப்படும். மடக்கிய விரல் நிமிராமல் 'டக்' என்று சிக்கிக்கொள்வதும், தோள் இறுகிக் கை மேலே ஏறாமல் போவதும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். ஆரம்பத்தில் காட்டினால் பயிற்சியிலும் ஊசியிலும் பெரும்பாலும் சரியாகும். "வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும்" என்று ஓராண்டு தள்ளினால் விரல் போய்விடும்.

மூச்சுத் தம் குறைவதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது

புகை பிடிக்காத மனிதருக்கே முப்பது வயதுக்குப் பிறகு, ஒரே நொடியில் வெளியே தள்ளக்கூடிய காற்று ஆண்டுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிலிட்டர் குறைகிறது. முப்பது ஆண்டில் முக்கால் லிட்டருக்கு மேல். பயிற்சி இதை ஓரளவு ஈடுகட்டும், முழுவதும் ஈடுகட்டாது. இதைத் தோல்வி என்று நினைத்து, இளமையில் ஊதிய அதே கடினமான சீவாளியோடு மல்லுக்கட்டுவதுதான் நாயனக்காரர்கள் செய்யும் தவறு. கன்னம் புடைத்து, கழுத்து நரம்பு தெறிக்க ஊதும்போது வயிற்றிலும் கண்ணிலும் அழுத்தம் ஏறுகிறது. ஓபோ, டிரம்பெட் போல எதிர்ப்பு அதிகமுள்ள காற்றுக் கருவிகளை வாசிக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சீவாளியும் அந்த இனம்தான். கண் அழுத்த நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் அது இருந்தவர்கள், ஆண்டுக்கு ஒரு முறை கண் மருத்துவரிடம் தாங்கள் என்ன வாசிக்கிறோம் என்பதைச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருமும்போது அடிவயிற்றில் வெளியே தள்ளும் வீக்கம் இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். அதைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசிக்காதீர்கள்.

மெல்லிய சீவாளிக்கு மாறுங்கள். நாதம் சற்று மெலிந்தாலும் கமகம் குழையும். ராக ஆலாபனையில் நீண்ட கார்வைகளை (ஒரே சுரத்தில் நீண்டு நிற்பதை) நம்பாமல் சின்னச் சின்னப் பிடிகளால் ராகத்தை நிறுத்துவது முதிர்ந்தவருக்கே வரும் அழகு. பாரி நாயனம் நீளமானது. விரலை அகட்டிப் பிடிக்கும்போது மூட்டு வலிக்கிறது என்றால், மேடையில் உட்கார்ந்து மடியில் தாங்கல் கொடுத்து வாசியுங்கள்.

பல்லைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. உதட்டுக்குப் பின்னால் பல் இருப்பதால்தான் சீவாளி நிற்கிறது. வாய் வறளாமல் இருக்கும் என்று வெற்றிலை, சீவல், புகையிலையை அதக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே மிகப் பழையது. புகையிலை மட்டுமல்ல, பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு வாயின் உட்புறத் தோலை நாராக்கி, வாயைத் திறக்க முடியாமலும் செய்யும். இந்தப் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. இப்போது ஏலக்காயும் தண்ணீரும்தான். பல் ஆட்டம் கண்டதும் பிடுங்கிவிடச் சம்மதிக்காதீர்கள். பல் மருத்துவரிடம் போகும்போது நாயனத்தையே எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பல்லின் மேல் உதடு அழுந்துகிறது என்பதை அவர் கண்ணால் பார்த்தால்தான் கட்டுகிற பல் சரியாக அமையும்.

காது

தவிலுக்கு ஓரடி தூரத்தில் 100 டெசிபெல் என்பது அசாதாரணமில்லை. 85 டெசிபெல் ஓசையை எட்டு மணி நேரம்வரை கேட்கலாம் என்பது ஏற்கப்பட்ட அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்குக் கால் மணி நேரம்தான். வாசித்த பிறகு காதில் 'கொய்' என்ற ஒலி நிற்காமல் இருந்தால் அது எச்சரிக்கை. பஞ்சு போதாது. சுருதி கெடாமல் ஓசையை மட்டும் குறைக்கும் காது அடைப்பான்கள் கிடைக்கின்றன.

ஆடியில் சும்மா, ஆவணியில் நான்கு நாள்

ஆடியில் கல்யாணம் இல்லை. வாத்தியம் பெட்டிக்குள் கிடக்கும். ஆவணி பிறந்ததும் அடுத்தடுத்து முகூர்த்தங்கள், ஜானவாசம், வரவேற்பு, நடுவே வேனில் உட்கார்ந்தபடி தூக்கம். உதடும் தோளும் தசைநாரும் ஒரே நாளில் விழித்துக்கொள்ளாது. ஓய்வு மாதத்திலும் தினம் அரை மணியாவது வாசியுங்கள். முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்து நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வந்தால் நான்காவதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க மனம் வர வேண்டும். வருமானத்தை விடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு, இரவெல்லாம் விழித்திருந்த ஓட்டுநரோடு உடனே வேனில் கிளம்புவதை மட்டும் எந்தப் பணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

தோள் வலிதானே என்று விடுவது

தவில்காரருக்கு இடது தோள் வலிப்பதும், நாயனக்காரருக்குத் தாடை வலிப்பதும் அன்றாடம். அதனால்தான் மாரடைப்பை நாம் அடையாளம் காணத் தவறுகிறோம். வாத்தியத்தை இறக்கி வைத்து ஐந்து நிமிடம் ஆகியும் வலி குறையவில்லை, நெஞ்சு இறுகுகிறது, குளிர்ந்த வியர்வை வருகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அதை வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுத் திணறலுமாகக்கூட வரும். வாசிப்பு பாதியில் நின்றால் நிற்கட்டும். இரண்டாவது நாயனம் எடுத்துக்கொள்ளும், சுவாமி காத்திருப்பார். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வேனில் ஏற்றாமல், இருந்த இடத்திலிருந்தே 108க்கு அழையுங்கள். அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டு வாத்தியப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்கட்டும். என் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.