டிஸ்பென்சரி வரிசையைப் போனுக்குக் கொண்டுபோகும்போது நடக்கும் தவறுகள்

ஆஸ்பத்திரி வேலை முடிந்து டொக்டர்மார் தங்கள் சொந்த இடத்தில் நோயாளி பார்க்கத் தொடங்கும் மாலை நேரத்தில், கிழக்கிலங்கையில் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் டிஸ்பென்சரி பெஞ்சு நிறைந்துதான் இருக்கும். எல்லார் கையிலும் நம்பர் துண்டு இருக்கும். அந்த நம்பர் எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் தாய்க்கு அது சின்ன விஷயம் இல்லை. இப்போது எத்தனையாவது நம்பர் போகிறது என்பதை அவர் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளும்படி செய்ய இன்று பெரிய செலவு தேவையில்லை. ஆனால் செய்யும் விதம் பிழைத்தால், இருக்கிற துண்டு முறையையும் அது குழப்பிவிடும்.

பலர் இதை ஒரு சாமான் வாங்கும் வேலையாக நினைக்கிறார்கள். துண்டு அச்சிடும் மெஷின், சிவப்பு எழுத்தில் ஒளிரும் போர்டு என்று காசு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு மாலைக்கு நாற்பது ஐம்பது பேர் வரும் இடத்துக்குக் கையால் நம்பர் எழுதிய துண்டும், ஒரு வெள்ளைப் பலகையும், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனும் போதும்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு வேறு. நம்பர் தாண்டிப் போனால் என்ன நடக்கும் என்று சொல்லாமலே தகவல் அனுப்பத் தொடங்குவது. 'வீட்டில் இருங்கள், மெசேஜ் வரும்' என்கிறோம். மெசேஜும் ஒழுங்காகப் போகிறது. இருந்தும் பெஞ்சு காலியாவதில்லை. ஏன்? ஒரு நிமிடம் பிந்தினால் கடைசிக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற பயம்தான். அந்தப் பயம் இருக்கும் வரை எந்த மெசேஜும் யாரையும் பெஞ்சை விட்டு எழுப்பாது. 'நம்பர் தாண்டியபின் வந்தால், அடுத்த இரண்டு பேருக்குப் பிறகு உள்ளே விடுவோம்' என்று துண்டிலேயே அச்சடியுங்கள். இரண்டா மூன்றா என்பதை உங்கள் வசதிக்கு முடிவு செய்யலாம். ஆனால் சொன்னதைத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். போனில் முன்கூட்டியே நம்பர் எடுத்தவர்களும் நேரில் வந்தவர்களும் ஒரே கொப்பியில், ஒரே வரிசையில் இருப்பதும் இதோடு சேர்ந்தது. இரண்டு கொப்பி வைத்தால் இரண்டு வரிசை. பிறகு போனில் நீங்கள் அனுப்பும் நம்பர் எந்த வரிசையுடையது?

அடுத்தது, மணி சொல்லி வாக்குக் கொடுப்பது. 'உங்கள் நேரம் 5.40' என்று துண்டில் எழுதிவிடுவார்கள். டொக்டருக்கு வார்டில் ஓர் அவசரம் வந்தால் முழு வரிசையும் பிழைத்துப் போகும். ரிப்போர்ட் காட்ட வந்தவர் மூன்று நிமிடத்தில் வெளியே வருவார்; புதிதாக வந்தவருக்குப் பதினைந்து நிமிடமும் போகலாம். அதனால் மணியை விட்டுவிட்டு, உள்ளே போகும் நம்பரைச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், 'டொக்டர் வந்துவிட்டார், நம்பர் 1 உள்ளே' என்ற செய்தியை அனுப்புங்கள். வீட்டில் இருப்பவருக்கு மற்ற எல்லாத் தகவலையும் விட அதுதான் பெரிய உதவி. வெள்ளிக்கிழமை பகலில் பார்க்கிற இடமென்றால் ஜும்ஆ தொழுகைக்கு நிறுத்தும் நேரத்தையும் காலையிலேயே அறிவித்துவிட வேண்டும்.

தகவல் பழசாகிப் போவதும் அடிக்கடி நடக்கும். உள்ளே 31 போய்க்கொண்டிருக்கும், போனில் 22 என்றே நிற்கும். கூப்பிடுகிறவர் ஒருவர், போனில் போடுகிறவர் இன்னொருவர் என்று வைத்தால் இதுதான் கதி. கதவைத் திறந்து நம்பர் கூப்பிடுகிற அதே ஆளின் கையில் போன் இருக்கட்டும். ஒவ்வொரு நம்பருக்கும் போட முடியாவிட்டால் ஐந்துக்கு ஒரு தடவை போடலாம். ஆனால் 5, 10, 15 என்ற அந்த ஒழுங்கு மாறக் கூடாது. மூன்று நாள் பிழையான நம்பரைப் பார்த்தவர் நாலாம் நாள் போனைப் பார்க்காமல் நேரே பெஞ்சுக்கு வந்துவிடுவார்.

சரி, எதில் அனுப்புவது? உடனே எல்லாரும் தொடங்குவது வாட்ஸ்அப் குரூப். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குரூப்பில் இருப்பவர்களின் போன் நம்பர் மற்ற எல்லாருக்கும் தெரியும். நம் ஊர்கள் சின்னவை. தோல் டொக்டரிடமோ மனநல டொக்டரிடமோ யார் போகிறார் என்று தெருவே அறிந்துகொள்ள அது போதும். ஒரு பெண் தன் வீட்டாருக்கும் சொல்லாமல் மருந்து எடுக்க வந்திருக்கலாம். இலங்கையின் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நம்பி வந்தவருக்குச் செய்யும் துரோகம்.

அதைவிட, நீங்கள் மட்டும் அறிவிப்புப் போடும் வாட்ஸ்அப் சேனல் நல்லது. பின்தொடர்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 'இப்போது 18' என்று மட்டும் போட்டால், தன் நம்பர் தெரிந்தவர் தானே கணக்குப் பார்த்துக்கொள்வார். யாருடைய போன் நம்பரையும் நீங்கள் வாங்க வேண்டியதில்லை. சேனலின் க்யூஆர் படத்தைத் துண்டில் அடித்துவிடுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெட்ரோலுக்கு க்யூஆர் காட்டிப் பழகிய சனங்களுக்கு அது புதிதல்ல. ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினாலோ, உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். இது தெரியாமல் அனுப்பிவிட்டு, 'மெசேஜ் வரவே இல்லை' என்று வருகிறவரோடு சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை.

பட்டன் போன்காரருக்கு எஸ்.எம்.எஸ். தேவை. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'மட்டக்களப்பு' என்ற ஒரு சொல்லே 12 இடம் பிடிக்கும். வணக்கம், டிஸ்பென்சரியின் முழுப் பெயர், நன்றி என்று நீட்டினால் ஒன்று இரண்டாகி, காசும் இரட்டிப்பாகும். 'இப்போது 18. நீங்கள் 27. முன்னால் 8 பேர்.' இவ்வளவும் 40 இடத்துக்குள் முடிகிறது. சில பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும், இலக்கங்கள் மட்டும் சரியாகத் தெரியும். நோயின் பெயரையோ டொக்டரின் துறையையோ இதில் எழுத வேண்டாம். வீட்டில் அந்தப் போனை யார் எடுத்துப் பார்ப்பார் என்று நமக்குத் தெரியாது.

அப்புறம் தூரம். எல்லாருக்கும் 'முன்னால் 5 பேர்' என்றதும் செய்தி அனுப்பினால், பக்கத்துத் தெருக்காரருக்கு அது சரி. மண்டூரிலிருந்து பாதை (வாவியைக் கடக்கும் படகு) ஏறிக் குருமண்வெளி வந்து களுவாஞ்சிக்குடிக்கு வருகிறவருக்கு அது காணாது. துண்டு கொடுக்கும்போதே 'எங்கிருந்து வாறீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டு, தூரத்து ஆட்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போட்டுவைத்து, 15 பேர் முன்னால் இருக்கும்போதே அறிவியுங்கள். சந்தேகம் வந்தால் முந்தியே கூப்பிடுங்கள். முந்தி வந்தவருக்குப் பத்து நிமிடம்தான் நட்டம். பிந்தி வந்தவர் கடைசி பஸ்ஸையும் விட்டுவிடக்கூடும்.

இடையில் வலிப்பு வந்த பிள்ளையை உள்ளே விட்டால் அதையும் உடனே அறிவிக்க வேண்டும்: 'அவசர நோயாளி உள்ளே, கொஞ்சம் தாமதம்'. சொல்லாவிட்டால் யாரோ தெரிந்த ஆளை விட்டுவிட்டார்கள் என்றே பேச்சு வரும். போனே இல்லாத முதியவருக்காக வாசல் பலகை எப்போதும் இருக்கட்டும். கரண்ட் போனாலும் அது வேலை செய்யும்.

தொடங்கும் முன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எந்த நம்பர் எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று எழுதுங்கள். பிறகு கிழமையில் ஒரு நாள் மட்டும் போனில் போட்டுப் பாருங்கள். அந்த நாளில் பெஞ்சில் இருப்பவர்களிடம் ஏன் வீட்டில் இருக்கவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை வைத்துத் துண்டில் உள்ள விதியைத் திருத்திவிட்டு, மற்ற நாட்களுக்கும் கொண்டுபோகலாம்.