டெக்சாஸ் அபார்ட்மென்ட்டில் துப்பாக்கி: லீஸ் சொல்வதும் விசா சொல்வதும்

இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் எங்கேயாவது ஒரு அபார்ட்மென்ட்டில் திருடன் புகுந்தான் என்ற செய்தி தமிழ் வாட்ஸ்அப் குழுவில் வந்தால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நாமும் ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?" உடனே இன்னொருவர், "டெக்சாஸ்தானே, தாராளமா வாங்கலாம். லீசிங் ஆபீஸ்கூட ஒண்ணும் சொல்ல முடியாது" என்பார். இதில் இரண்டாவது வாக்கியம் பெருமளவு சரி. முதல் வாக்கியம், புதிதாக வந்திருக்கும் நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தவறு. அதை நம்பி இறங்கினால் சிறைக்கும் போகலாம், ஊருக்கும் திருப்பி அனுப்பப்படலாம்.

முதலில் லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை உள்ள ஒரு குடித்தனக்காரரையோ அவர் வீட்டுக்கு வரும் விருந்தாளியையோ வீட்டு உரிமையாளர் தடுக்க முடியாது. வாடகை வீட்டுக்குள்ளும், பார்க்கிங்கில் நிற்கும் காருக்குள்ளும், வீட்டுக்கும் காருக்கும் போய்வரும் வழியிலும் இது பொருந்தும். நீச்சல் குளம், ஜிம், கிளப்ஹவுஸ் போன்ற பொது இடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே கூடாது என்று அறிவிப்புப் பலகை வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. இதெல்லாம் டெக்சாஸ் கதை. மினசோட்டாவிலும் குடித்தனக்காரரை உரிமையாளர் தடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நியூ ஜெர்சியிலோ இல்லினாயிலோ இருப்பவர்களுக்கு லீஸுக்கு முன்பே துப்பாக்கிக்கென்று தனி மாநில அடையாள அட்டை, அனுமதி என்று வேறு கதவுகள் இருக்கின்றன. ஒரு மாநிலத்து நண்பர் சொன்னதை வைத்து இன்னொரு மாநிலத்தில் எதையும் செய்யாதீர்கள்.

மேலே "சட்டப்படி உரிமை உள்ள" என்று எழுதினேன். நம் பிரச்சினை அங்கேதான். வேலைக்கான எச்-1பி, எல்-1, குடும்பத்துக்கான எச்-4, படிப்புக்கான எஃப்-1, அம்மா அப்பா வரும் பி-2 எல்லாமே தற்காலிக விசாக்கள். இந்த விசாக்களில் உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அதுவே நாடு கடத்தலுக்கும் காரணமாகும். டெக்சாஸில் 2021 முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப்போகலாம் என்று படித்திருப்பீர்கள். மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் மத்திய சட்டத்தின் தடை அப்படியே நிற்கும். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு இந்தத் தடை இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற படிவம் இதை நேராகவே கேட்கும். அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். தனிநபரிடம் படிவமில்லாமல் வாங்கினாலும் தடை மாறாது.

ஒரு விலக்கு இருக்கிறது: மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள். இதைச் சொல்லிக்கொடுக்க எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். ஆனால் டெக்சாஸின் ஆண்டு வேட்டை உரிமம் பெரும்பாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் உங்கள் வீட்டில் இருப்பது குற்றப் பொருள். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இந்த வழியில் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

"ரேஞ்சுக்குப் போய் ஒரு மணி நேரம் சுட்டுப் பார்ப்பதில் என்ன?" என்று, துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தைப் பற்றிக் கேட்பவர்கள் ரெஹைஃப் வழக்கைப் படிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் வந்தவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு விசா நிலையை இழந்தார். பிறகு ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். வழக்கு அங்கிருந்து கிளம்பியது. 2019-ல் உச்ச நீதிமன்றம், தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. தடையை அது நீக்கவில்லை. ரேஞ்சில் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே தயாரிக்கிறார்கள்.

அறைத்தோழர் அமெரிக்கக் குடிமகனாக இருந்து, அவரிடம் துப்பாக்கி இருந்தால்? அது அவருடைய அறையில், அவருடைய பெட்டகத்தில், எண் அவருக்கு மட்டும் தெரியும்படி இருக்க வேண்டும். ஹால் மேசையிலோ நீங்களும் சாவி வைத்திருக்கும் அலமாரியிலோ இருந்தால், அது உங்கள் கட்டுப்பாட்டிலும் இருந்தது என்று வாதிட இடம் கிடைக்கும். வீட்டில் 17 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்து, குண்டு நிரப்பிய துப்பாக்கி அவர்கள் கைக்குக் கிடைக்கும்படி விட்டால், அது துப்பாக்கி வைத்திருக்க முழு உரிமை உள்ளவருக்கும் டெக்சாஸில் குற்றம்.

கிரீன் கார்டு வந்துவிட்டது, உரிமை இருக்கிறது என்பவர்களிடமும் எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது. உங்கள் அபார்ட்மென்ட் சுவர் பெரும்பாலும் மரச் சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். கைத்துப்பாக்கித் தோட்டா அதைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் இருப்பது இன்னொருவரின் படுக்கையறை, ஒருவேளை ஒரு தொட்டில்.

டெக்சாஸ் சட்டத்தில் வீட்டுக்குள் தற்காப்புக்கு வலுவான இடம் உண்டு. ஆள் இருக்கும் வீட்டில் ஒருவன் சட்டவிரோதமாக, பலவந்தமாக நுழைந்தால், உயிருக்கு ஆபத்து என்று வீட்டுக்காரர் நம்பியது நியாயமே என்று சட்டம் அனுமானிக்கும். பின்வாங்கி ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே ஒரு குற்றத்தில் ஈடுபட்டிருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. விசாவில் இருந்துகொண்டு துப்பாக்கி வைத்திருப்பவர் இந்த வரியை இருமுறை படிக்கட்டும்.

2018 செப்டம்பர் 6 இரவு டல்லாஸில் நடந்ததைச் சொல்கிறேன். ஆம்பர் கைகர் என்ற போலீஸ்காரர் பணி முடிந்து வந்து, பார்க்கிங்கில் தளம் மாறி காரை நிறுத்தினார். மூன்றாம் தளத்தில் தன் வீடு இருக்க, அதற்கு நேர் மேலே நான்காம் தளத்து வீட்டுக்குள் நுழைந்தார். உள்ளே சோஃபாவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த போத்தம் ஜீனைத் திருடன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார். போத்தமுக்கு 26 வயது. செயின்ட் லூசியாவிலிருந்து நம்மைப்போல வந்து கணக்காளராக வேலை பார்த்தவர். என் வீடு என்று நம்பினேன் என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. கொலைக் குற்றம், பத்தாண்டுச் சிறை. துப்பாக்கிப் பயிற்சி பெற்றவருக்கே இந்தத் தவறு நேர்ந்தது. நம் காம்ப்ளெக்ஸ்களிலும் எல்லாத் தளமும், எல்லாக் கதவும் ஒரே நிறம்.

இதன் மறுபக்கத்தில் நிற்கப்போவதும் நீங்கள்தான். 2023 ஏப்ரலில் மிசௌரியின் கான்சாஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் முகவரி மாறி வேறு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் அவனைச் சுட்டார். வந்த புதிதில் பக்கத்து பில்டிங் கதவில் சாவியைப் போட்டு ஆட்டுவது சகஜமாக நடக்கிறது. சாவி திரும்பவில்லை என்றால் கதவைத் தள்ளாமல், எண்ணைப் பாருங்கள்.

சரி, விசாவில் இருப்பவருக்குப் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது, யாரும் கேட்டு வாங்குவதில்லை. டெக்சாஸ் சட்டப்படி ஒவ்வொரு வெளிக் கதவிலும் ஆள் பார்க்கும் துவாரமும், உள்ளிருந்து மட்டும் போடக்கூடிய சாவியில்லாத தாழ்ப்பாளும் உரிமையாளர் செலவில் இருக்க வேண்டும். வெளியில் சாவித்துளையே இல்லாத அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் ஆபீஸின் மாஸ்டர் சாவிக்கும் கதவு திறக்காது. ஜன்னலுக்குக் கொக்கி, பால்கனியின் சறுக்குக் கதவுக்கு ஊசிப் பூட்டு (பின் லாக்) இவையும் இருக்க வேண்டும். பழைய குடித்தனக்காரர் போன பிறகு, ஆள் மாறிய ஏழாம் நாளுக்குள் பூட்டின் சாவியை மாற்றியிருக்க வேண்டும். மாற்றினீர்களா என்று சாவி வாங்கும் நாளிலேயே மின்னஞ்சலில் கேளுங்கள். பூட்டு கேட்டு நீங்கள் அனுப்பும் கோரிக்கைக்குப் பொதுவாக ஏழு நாள் அவகாசம். உங்கள் வீட்டிலோ, கடந்த இரண்டு மாதத்தில் அதே காம்ப்ளெக்ஸில் வேறு வீட்டிலோ யாராவது அத்துமீறி நுழைந்திருந்தால், அதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அவகாசம் 72 மணி நேரமாகக் குறையும். கேட்டதற்காக ஆறு மாதத்துக்குள் பழிவாங்கும் விதமாக வாடகையை ஏற்றவோ காலி செய்யச் சொல்லவோ கூடாது.

நகைக்காக நம்மவர்கள் வீடுகளைக் குறிவைப்பது உண்மை. தாலி, தினம் போடும் வளையல் போக மற்றதை வங்கி லாக்கரில் வையுங்கள். வாடகைதாரர் இன்ஷூரன்ஸில் நகைத் திருட்டுக்கு வழக்கமான வரம்பு வெறும் 1,500 டாலர். ஒரு சங்கிலிக்கே போதாது.

கதவு உடையும் சத்தம் கேட்டால் படுக்கையறைக்குள் போய்த் தாழிட்டு 911-ஐ அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லுங்கள். பெரிய ஊர்களில் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தெருப் பெயரோடு பில்டிங் எண், வீட்டு எண், தளம், வெளி கேட்டின் குறியீட்டு எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி அந்த அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு இந்தத் தாளை இன்றே காட்டுங்கள். கேட் எண் தெரியாவிட்டால் போலீஸ் கார் வெளியிலேயே நிற்க வேண்டிவரும்.