கண் மங்கிய பிறகு குத்துமதிப்பு உதவாது

சர்க்கரையால் விழித்திரை கெட்டுப் பார்வை மங்கியவர்கள் பலர் அதை வெளியில் காட்டிக்கொள்வதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். படியைக் காலால் துழாவி இறங்குவேன், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துப் பேசுவேன். சரி, அதுவரை சமாளித்தாயிற்று. இன்சுலினில்தான் மாட்டிக்கொண்டேன்.

இன்சுலின் போடும் பேனா வடிவ ஊசியில், அளவு வைக்கும் முனையைத் திருகினால் டிக் டிக்கென்று கேட்கும். ஒரு டிக்குக்கு ஒரு யூனிட் என்று எண்ணியே பல மாதம் ஓட்டினேன். ஒருநாள் நடுவில் யாரோ பேச்சுக் கொடுக்க, கணக்குத் தவறிக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வியர்வை, கை நடுக்கம். சர்க்கரை 54-க்கு இறங்கியிருந்தது. டிக்கை எண்ணி அளவு வைக்காதீர்கள் என்று பேனாவோடு வரும் தாளிலேயே எழுதியிருக்கிறார்கள். நமக்குத்தான் அந்தப் பொடி எழுத்து தெரிவதில்லை! ஒரு டிக்குக்கு அரை யூனிட் மட்டும் நகரும் பேனாவும் உண்டு, அதில் என் கணக்கே தப்பாகிவிடும். இப்போது போடுவதற்கு முன் மகளிடம் காட்டுகிறேன். அவள் இல்லாதபோது போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இரண்டு வகை இன்சுலின் போடுபவர்கள் பேனாவின் நிறத்தை நம்ப வேண்டாம், ஒன்றில் ரப்பர் பேண்டைச் சுற்றிவையுங்கள்.

அப்புறம் பாதம். மரத்துப்போன காலில் புண் வந்தால் வலிக்காது, நம் கண்ணுக்கும் படாது. தடவிப் பார்த்தால் போதுமென்பார்கள். விரலும் மரத்திருந்தால்? தினமும் ஒருமுறை, பார்வை உள்ள ஒருவர் விரலிடுக்கு வரை பார்க்கட்டும்.

சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் புதுக் கண்ணாடி போடுவது வீண்செலவு. கண் லென்சின் பருமனே மாறுவதால் பவரும் மாறும். சில வாரம் சர்க்கரை நிலையாக இருந்த பிறகு அளந்துகொள்ளலாம்.

"லேசர் வைத்தும் பார்வை திரும்பவில்லை, இனி எதற்கு டாக்டர்?" இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். லேசர் வைப்பது பெரும்பாலும் மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான். இருட்டில் பார்வை முன்பைவிடக் கொஞ்சம் குறையவும் கூடும். விழித்திரை வீக்கத்துக்குப் போடும் ஊசியால் சிலருக்குப் பார்வை ஓரளவு தெளியும், ஆனால் பாதியில் நிறுத்தினால் வீக்கம் திரும்பிவிடலாம். திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, மின்னல் போல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை விழுந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விட வேண்டும்.

சிலருக்கு இல்லாத முகங்களும் கோலங்களும் கண்முன் தெரியும். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து மறைப்பார்கள். பார்வை குறைந்தவர்களுக்கு இப்படி வருவதுண்டு, சார்லஸ் போனே கோளாறு என்று பெயர். டாக்டரிடம் தயங்காமல் சொல்லலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. கண் தெரியாதே என்று எங்களை எந்த வேலையும் செய்யவிடாமல் உட்கார வைக்க வேண்டாம். நாற்காலியை இடம் மாற்றினால் மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் முழங்காலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.