நன்றாக இயங்கும் ஃபோர்க்கையும் கழற்ற வேண்டுமா? மலைச் சைக்கிள் வைத்திருப்போருக்கு

முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்வை வாங்கும் ஃபோர்க் மெத்தென்று இறங்கி ஏறுகிறது, எண்ணெய் கசியவில்லை, சத்தமும் இல்லை. அப்படியிருக்க அதை ஏன் கழற்ற வேண்டும் என்று குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் கேட்பது நியாயமானதே. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதிக் குழாய்களான கீழ்க்கால்களை மட்டும் உருவித் துடைத்து எண்ணெய் மாற்றும் சிறிய சர்வீஸை, ஃபோர்க் எவ்வளவு நன்றாக இயங்கினாலும் உரிய காலத்தில் செய்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பரையும், எடையைத் தாங்கும் காற்று ஸ்பிரிங்கையும் பிரிக்கும் முழு சர்வீஸ் சற்றுத் தள்ளிப்போனால் பெரிய கேடில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ஸ்டான்ஷன் எனப்படும் வழவழப்பான மேல்குழாய் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அதன் மேல் உள்ள கடினமான அனோடைஸ் பூச்சு மிக மெல்லியது. கீழ்க்காலுக்குள் இருக்கும் புஷ்கள் எனப்படும் வளையங்கள் அந்தப் பூச்சின் மேல்தான் உராய்ந்து நகர்கின்றன. உராய்வைக் குறைப்பது உள்ளே இருக்கும் சில மில்லி எண்ணெயும், தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலுக்கு அடியில் அதை உறிஞ்சி வைத்திருக்கும் ஸ்பஞ்சு வளையமும் மட்டுமே. தேயிலைத் தோட்டத்து வண்டித்தடங்களின் செம்மண் சேறு சீலின் விளிம்பில் ஒட்டி, ஒவ்வொரு அசைவிலும் துளித்துளியாக உள்ளே போகிறது. நீர் கலந்த எண்ணெய் பால் போல வெளுத்து, வழுக்கும் தன்மையை இழக்கிறது. இவை அனைத்தும் வாரக்கணக்கில் மெதுவாக நடப்பதால் ஓட்டுபவரின் கை அதற்குப் பழகிவிடுகிறது. பூச்சு தேய்ந்து கோடு விழுந்த பிறகே குறை தெரிகிறது. பல மாடல்களில் ஸ்டான்ஷனும், இரு ஸ்டான்ஷன்களையும் மேலே இணைக்கும் கிரவுனும் அழுத்திப் பொருத்தப்பட்டவை என்பதால், அந்தத் தொகுதி முழுவதையும் மாற்ற நேரிடும். அந்தச் செலவின் முன் எண்ணெயும் சீலும் மிகச் சிறிய தொகை.

ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் கீழ்க்கால் சர்வீஸுக்கு 50 மணி நேர ஓட்டத்தையும், அண்மைக்கால மாடல்கள் பலவற்றின் முழு சர்வீஸுக்கு 200 மணி நேரத்தையும் குறிப்பிடுகிறது. ஃபாக்ஸ் நிறுவனம் முழு சர்வீஸுக்கு 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதை வைக்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் ஏறும் நேரத்தில் ஃபோர்க் அதிகம் அசைவதில்லை; மழையில், சேற்றுத்தடத்தில் இறங்கும் ஒரு மணி நேரத்தை நான் இரண்டு மணி நேரமாகவே கணக்கிடுவேன். நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழையும் வலுவாக வருவதால், கோத்தகிரிவாசிகள் ஜூன் தொடங்குமுன் ஒரு முறையும், மழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு முறையும் கழற்றுவது பொருத்தம். ஈரம் உள்ளே தங்கிய ஃபோர்க்கைக் கோடைவரை அப்படியே நிறுத்தி வைப்பதுதான் மிகவும் கெடுதல், ஏனெனில் கீழ்க்கால்களின் மெக்னீசியம் அரிப்புக்கு எளிதில் ஆளாகும்.

வேலையைத் தொடங்குமுன் சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் கழற்றி அப்பால் வையுங்கள். டிஸ்க்கிலோ பேடிலோ எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. இருக்கும் காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, காற்று முழுவதையும் மெதுவாக வெளியேற்ற வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு போல்ட்டைத் திருகினால் காயம்படலாம். அமுங்கிய ஃபோர்க் மீண்டு எழும் வேகத்தை மாற்றும், அடியில் உள்ள ரீபவுண்டு குமிழை எடுத்துவிட்டு, கீழ்க்கால்களின் அடியில் உள்ள இரு போல்ட்டுகளையும் மூன்று சுற்று தளர்த்தி, ஆலன் கீயைப் போல்ட்டிலேயே வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்தண்டு விடுபடும். அடியில் ஒரு தட்டை வைத்து, போல்ட்டுகளை எடுத்துவிட்டுக் கீழ்க்கால்களை நேராக உருவுங்கள். வடியும் எண்ணெயின் நிறத்தைக் கட்டாயம் பாருங்கள்: வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது, கறுத்து மினுமினுத்தால் உலோகத் துகள் கலந்திருக்கிறது. அடுத்த சர்வீஸை எப்போது வைப்பது என்பதை மணிக்கணக்கைவிட இந்த நிறமே நன்றாகச் சொல்லும்.

உட்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்து, ஸ்பஞ்சு வளையங்களைக் கழுவிப் புதிய எண்ணெயில் ஊறவையுங்கள். விளிம்பு கிழிந்த சீலை மாற்ற வேண்டும். கீழ்க்கால்களைப் பாதிவரை ஏற்றி, அடித்துளை வழியாகச் சிரிஞ்சால் எண்ணெய் விடுங்கள். எண்ணெயின் வகையும் அளவும் மாடலுக்கு மாடல், சிலவற்றில் காலுக்குக் காலும் மாறும். அவற்றையும் போல்ட்டின் முறுக்கு அளவையும் உங்கள் ஃபோர்க்கின் கையேட்டில் பார்த்தே முடிவு செய்யுங்கள். நசுங்கும் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சர்வீஸ் முடித்து மூடிய ஃபோர்க்கை உதகைக்கு ஏற்றிவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கீழ்க்காலுக்குள் அடைபட்ட காற்று அங்கே உப்பி, ஃபோர்க்கை ஓரளவு விறைப்பாக்கும். இது பழுதன்று. மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைச் சீலுக்கும் ஸ்டான்ஷனுக்கும் இடையில் மெதுவாகச் செருகினால் காற்று வெளியேறும். சில ஃபாக்ஸ் மாடல்களில் இதற்கென்றே பொத்தான் உண்டு.

முழு சர்வீஸை எப்போது தள்ளிப்போடக் கூடாது? அமுக்கிவிட்டால் ஃபோர்க் கட்டுப்பாடின்றித் துள்ளி எழுந்தாலும், ரீபவுண்டு குமிழைத் திருப்பியும் வேகம் மாறாவிட்டாலும், காற்றழுத்தம் நாளுக்கு நாள் இறங்கினாலும் காத்திருக்காதீர்கள். டாம்பரைப் பிரிக்கத் தனிக் கருவிகளும், காற்றுக்குமிழை நீக்கும் பழக்கமும் வேண்டும் என்பதால் அந்த வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.