சோற்றைக் குறைத்த பிறகு எதைச் சாப்பிடுவது? மாவுச்சத்துக் குறைந்த உணவில் கலோரிக் கணக்கு

காவிரிப் பாசனத்து வீடுகளில் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை, மீந்திருந்தால் பழையது. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று யார் முடிவெடுத்தாலும் முதலில் கை வைப்பது சோற்றில்தான். அது சரியான இடம்தான். ஆனால் சோறு எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். தட்டில் மிஞ்சுவது ஒரு கரண்டி குழம்பு, கொஞ்சம் பொரியல், ஒரு டம்ளர் ரசம். அதில் நாள் முழுக்க 700, 800 கலோரி தேறினாலே அதிகம். மூன்று நாளில் தலை சுற்றும். மாலை நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடத் தோன்றும். "எனக்கு இந்த டயட் ஒத்துவரல" என்று விட்டுவிடுவார்கள். ஒத்துவராமல் போனதற்குக் காரணம், சாப்பாடு பத்தவில்லை என்பதுதான். எவ்வளவு சாப்பிட வேண்டும், அதை நம் ஊர்ச் சமையலிலேயே எப்படி நிரப்புவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரத்த அழுத்த மாத்திரை போடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மாத்திரை அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

படி 1: உங்கள் உடம்புக்கு எவ்வளவு வேண்டும்?

1990-இல் வெளிவந்த மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கும் கலோரி இது.

மயிலாடுதுறையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். வயது 38, எடை 72 கிலோ, உயரம் 156 செ.மீ. 720 + 975 − 190 − 161 = 1,344.

இதை வேலைக்குத் தகுந்தபடி பெருக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் 1.2. வீட்டு வேலையும் கொஞ்சம் நடையும் இருந்தால் 1.375. ஓரளவு உடலுழைப்பு என்றால் 1.55. கடும் உழைப்பு என்றால் 1.725. வயல் வேலை செய்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில் உங்கள் கணக்கு வேறு, கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது வேறு. சம்பா நடவில் நிற்கும் ஒருவர் கடைக்காரரின் அளவைப் பார்த்துச் சாப்பிட்டால் தாங்காது.

தையல்கார அக்காவுக்கு 1,344 × 1.375, சுமார் 1,850. இவ்வளவு சாப்பிட்டால் எடை அப்படியே நிற்கும். கொழுப்புக் கரைய இதில் 350 கழிப்போம்: 1,500. ஒரேயடியாக 800, 1,000 என்று கழிக்காதீர்கள். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200-க்குக் கீழே போகவே வேண்டாம்.

படி 2: 1,500-ஐப் பங்கு பிரியுங்கள்

ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4, கொழுப்பில் 9. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இருந்தால் பொதுவாக அதைக் குறைமாவு உணவு என்பார்கள். 50-க்குக் கீழே போனால் கீட்டோ. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. மாமியார், பிள்ளைகள் எல்லாரும் சோறு சாப்பிடும் வீட்டில் அது நீடிக்காது.

அக்காவுக்கு 80 கிராம் மாவுச்சத்து வைப்போம்: 320 கலோரி. புரதம், எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்ற கணக்கில் ஏறக்குறைய 85 கிராம்: 340 கலோரி. மீதி 840 கலோரி கொழுப்பிலிருந்து வர வேண்டும், அதாவது 93 கிராம். பலருக்கு இந்த எண்ணைக் கண்டதும் பயம் வரும். சோற்றையும் குறைத்து எண்ணெயையும் குறைத்தால் அப்புறம் உடம்பு எதில் ஓடும்? முன்பு சோற்றிலிருந்து வந்த கலோரியில் ஒரு பங்குதான் இப்போது தேங்காய், கடலை, மீன், முட்டையிலிருந்து வருகிறது.

படி 3: மாவுச்சத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, 130 கலோரி. மாப்பிள்ளைச் சம்பா, கவுனி எல்லாம் நல்ல அரிசிகள்தான்; நார்ச்சத்து கூடுதல். ஆனால் மாவுச்சத்துக் கணக்கில் வெள்ளை அரிசிக்குப் பக்கத்திலேயே நிற்கும். கேழ்வரகு, கம்பு, கோதுமையும் அப்படித்தான். "சோத்தை நிறுத்திட்டு சப்பாத்தி சாப்பிடறேன்" என்பதில் பெரிய மிச்சம் ஒன்றுமில்லை. பருப்பிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். சாம்பாரை மட்டும் நம்பிப் புரதக் கணக்குப் போடாதீர்கள்.

காப்பியையும் பாருங்கள். கும்பகோணம் பக்கம் காப்பி இல்லாமல் பொழுது விடியாது. பால் இருக்கட்டும், சர்க்கரையை மட்டும் நிறுத்துங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 4, 5 கிராம் மாவுச்சத்து. இரண்டு கரண்டி போட்டு நாளுக்கு நாலு காப்பி குடித்தால் அதுவே 130 கிராம் சோற்றுக்குச் சமம்.

படி 4: ஒரு நாள் சாப்பாடு

ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். பிறகு கண்ணே பழகிவிடும்.

காலை: 3 முட்டை, சின்ன வெங்காயம், 2 தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஆம்லெட். தொட்டுக்கொள்ள 20 கிராம் தேங்காயில் அரைத்த சட்னி. 375 கலோரி, புரதம் 19 கிராம்.

மதியம்: சோறு 100 கிராம், அதாவது ஒரு சின்னக் கிண்ணம். தட்டில் மீன்தான் பெரிய பங்கு. மத்தி வாங்கிச் சுத்தம் செய்து, முள் போக 150 கிராம் தேறும் அளவுக்குக் குழம்பில் போடுங்கள். அதுவே சுமார் 30 கிராம் புரதம். அதன் கொழுப்பும் நல்ல கொழுப்பு. குழம்பைக் கெட்டியாக வையுங்கள். நீர்க்க வைத்தால் பிசைந்து சாப்பிட இன்னொரு கரண்டி சோறு கேட்கும். கூட 150 கிராம் புடலங்காய்ப் பொரியல், மேலே தாராளமாகத் தேங்காய்த் துருவல். குழம்பின் எண்ணெய், புளி, தக்காளி எல்லாம் சேர்த்து மதியச் சாப்பாடு 560 கலோரி. பொரியலை முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தால் அந்தச் சின்னக் கிண்ணம் போதும்.

மாலை: வறுத்த நிலக்கடலை 25 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி. 140 கலோரி.

இரவு: பன்னீர் 75 கிராம், ஒரு கட்டுக் கீரை, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கியது. 295 கலோரி.

இடையில் சர்க்கரை இல்லாத காப்பி இரண்டு: 120. மொத்தம் 1,490. புரதம் 84 கிராம், மாவுச்சத்து 75-க்கும் கீழே. கணக்கு நிரம்பிவிட்டது, பட்டினியும் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கடல்மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும். அப்போது கெண்டை, விரால், கோழி, முட்டை என்று மாற்றிக்கொள்ளுங்கள். கருவாடு சேர்த்தால் குழம்பில் உப்பைக் குறையுங்கள். புரட்டாசியில் அசைவம் தொடாத வீடுகளுக்கு மீல்மேக்கர் பெரிய உதவி: ஊறாத எடையில் 50 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 25 கிராம் புரதம் கிடைக்கும். அதில் 16 கிராம் மாவுச்சத்தும் உண்டு. அன்று சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எண்ணெயை அளந்து ஊற்றுங்கள்

கொழுப்பு வேண்டும் என்று சொன்னேன், ஆனால் இஷ்டத்துக்கு ஊற்றினால் கணக்குக் கவிழும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இருமல் மருந்துடன் வரும் 5, 10 மி.லி. கோடு போட்ட மூடியைக் கழுவி அடுப்பங்கரையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மி.லி., அதாவது 200 கலோரிக்கு மேல். இதை எழுதாமல் விடுபவர்கள்தான் "சரியாத்தான் சாப்பிடறேன், எடை இறங்கல" என்கிறார்கள்.

படி 6: வாரம் ஒருமுறை பாருங்கள்

ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தொப்புள் சுற்றளவையும் டேப்பில் அளந்து எழுதுங்கள். முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து கரையும்போது அதோடு ஒட்டிய நீரும் போகும். அந்த நாட்களில் தலைவலியும் அசதியும் வரலாம். உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் குடித்தால் பலருக்கும் சரியாகிவிடும். மலச்சிக்கல் வந்தால் வாழைத்தண்டும் கீரையும் கூட்டுங்கள்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ குறைந்தால் கணக்கு சரியாக ஓடுகிறது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 350 கழித்தால் இதுதான் வேகம்.

5 கிலோ குறைந்ததும் படி 1-ஐ மறுபடி போடுங்கள். நம் அக்கா 67 கிலோவுக்கு வந்தால் 1,294 × 1.375, சுமார் 1,780. முன்னைவிட 70 கலோரி குறைவு. அந்த 70-ஐ முட்டையிலோ மீனிலோ கழிக்க வேண்டாம், புரதம் அப்படியே இருக்கட்டும். எண்ணெயில் ஒன்றரைத் தேக்கரண்டி குறைத்தால் கணக்குத் தீர்ந்தது.