கீரைக் கறியின் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

மெனு கார்டில் பாலக் பனீர், ஆலு பாலக், சாக் கோஷ்த் என்று வரிசையாக இருந்தால் எல்லாம் ஒரே பச்சைக் குழம்புதான் என்று தள்ளிவிடாதீர்கள். பெயரை இரண்டாகப் பிரித்தாலே தட்டில் என்ன வரும் என்று தெரிந்துவிடும்.

முதலில் கீரையின் பெயர். பாலக் என்பது ஒரே ஒரு கீரை, நம் மார்க்கெட்டில் பாலக்கீரை என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதேதான். சாக் அப்படியில்லை, அது எந்தக் கீரைக்கும் பொதுச்சொல், சமஸ்கிருத சாகத்திலிருந்து வந்தது. பஞ்சாபின் சர்சோன் கா சாக் கடுகுக்கீரையில் செய்வது, கசப்பைக் குறைக்கப் பாலக்கோ, பதுவா என்கிற நம்ம சக்கரவர்த்திக்கீரையோ சேர்ப்பார்கள், மக்காச்சோள ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள். அதனால் பாலக்கில் செய்ததைச் சாக் என்று சொல்லலாம், சாக் எல்லாம் பாலக் ஆகாது.

அப்புறம் கூட வருவது. ஆலு என்றால் உருளைக்கிழங்கு, கோஷ்த் என்றால் இறைச்சி. இந்திப் பெயர்கள் பெரும்பாலும் கீரையோடு யார் சேர்ந்தார்கள் என்று சொல்கின்றன. நம்ம பெயர்கள் கை என்ன செய்தது என்று சொல்கின்றன: கடைந்தால் கடைசல், மசித்தால் மசியல், பருப்போடு கூட்டினால் கூட்டு. எனக்கு இந்த வித்தியாசம்தான் ரொம்பப் பிடிக்கும். வேலூர்ப் பக்கம் களிக்குக் கடைசல் செய்யும்போது பாருங்கள், அரைக்கீரை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், துளி புளி எல்லாம் வெந்ததும் உள்ளே வரிவரியாகக் கீறல் போட்ட மண்சட்டியில் கொட்டி மத்தால் கடைவார்கள், அந்தக் கீறலில் உரசித்தான் கீரை வெண்ணெய் மாதிரி ஆகும், கடைசியில் தாளிப்பு வடகத்தை எண்ணெயில் பொரித்துப் போட்டால் தெருவே மணக்கும். மிக்ஸியில் அரைத்ததைக் கடைசல் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

காட்பாடி தாண்டிச் சித்தூர் பக்கம் போனால் பாலகூர பப்பு கிடைக்கும், பாலக்கீரைப் பருப்பு. தெலுங்கில் கூர என்றால் காய்கறியும் அதில் செய்த கறியும். தோட்டகூர தண்டுக்கீரை, கோங்கூர புளிச்சக்கீரை.

ஒரு குழப்பத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். பாலக்கையும் பசலைக்கீரை என்றே பலர் எழுதுகிறார்கள். பசலை கொடியாகப் படரும், இலை தடித்து வழவழப்பாக இருக்கும், தெலுங்கில் பச்சலி. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் சமைத்துச் சாப்பிடும் வங்காளிகள் பூய் ஷாக் கேட்டால் இந்தப் பசலையைத்தான் கொடுக்க வேண்டும், பாலோங் ஷாக் கேட்டால் பாலக், லால் ஷாக் என்றால் சிவப்புத் தண்டுக்கீரை. ஷாக் என்பதும் அதே சாக்தான். பசலையை வாங்கிப் பாலக் பனீர் செய்தால் குழகுழவென்று ஆகிவிடும், வாங்கும்போதே இலையைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.