மறந்துபோன சிங்களத்தைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவர

சின்ன வயதில் குருநாகலிலோ அநுராதபுரத்திலோ இருந்து, 1983 இனக்கலவரத்தோடு யாழ்ப்பாணம் வந்த என் வயதுக்காரர் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. சிங்களம் கேட்டால் விளங்கும், பதில் சொல்ல வாய் வராது. எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

முதலில், அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் வகுப்புக்குப் போகாதீர்கள். தெரிந்ததையே திரும்பச் சொல்லித் தருவார்கள், அலுத்துவிடும். இரவு எட்டு மணிச் செய்தியும் வேண்டாம். செய்தி வாசிப்பது எழுத்துச் சிங்களம், நாங்கள் தொலைத்ததோ பேச்சுச் சிங்களம். இரண்டுக்கும் இடைவெளி பெரிது. ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்தி நிறுத்திச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்காரர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இலக்கணத்துக்குப் பயப்பட வேண்டாம். தமிழில் போனேன், போனாய், போனான் என்று ஆளுக்கொரு முடிவு. பேச்சுச் சிங்களத்தில் 'மம கியா', 'ஒயா கியா', 'எயா கியா', எல்லாருக்கும் ஒரே 'கியா'தான். புத்தகத்தில் 'போனேன்' என்பதற்கு இருக்கிற 'கியெமி' எல்லாம் இப்போதைக்குத் தேவையில்லை.

அப்புறம் ஆள் வேண்டும். போயா எனும் பௌர்ணமி நாளில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ப் பாருங்கள். நயினாதீவிலுள்ள நாகதீப பௌத்த விகாரைக்குப் போகிற சிங்களச் சனம் வரிசையில் நிற்கும். படகில் பக்கத்தில் இருக்கிற அம்மாவிடம் 'கொஹெந்த ஆவே?' என்று எங்கிருந்து வந்தார் என விசாரித்தால் போதும், மிச்சத்தை அவரே கதைப்பார். 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வரத் தொடங்கிய யாழ்தேவி ரயிலும் நல்ல இடம். பல மணி நேரப் பயணம், எதிரில் இருப்பவருக்கும் பொழுது போகவேண்டுமே. நீங்கள் தடுமாறினால் அவர்கள் உடனே ஆங்கிலத்துக்குத் தாவப் பார்ப்பார்கள். விடாதீர்கள். 'ஹெமின் கியன்ன', மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இந்த இரண்டு சொல்தான் பெறுமதி.

ஒரு விடயத்தில் கவனம். நாங்கள் மறந்தது பத்து வயதுப் பிள்ளையின் சிங்களம். மாங்காய் பறிக்கவும் சண்டை பிடிக்கவும் அது போதும், காணிக் கந்தோருக்குக் காணாது. அங்கே காணி உறுதிக்கு 'ஒப்புவ', அடையாள அட்டைக்கு 'ஹெந்துனும்பத' என்று பெரியவர்களின் சொற்கள் வேண்டும். அதைவிட முக்கியம், விளையாட்டுத் தோழனைக் கூப்பிட்ட 'உம்ப'வை, அதாவது மரியாதையில்லாத 'நீ'யை, அதிகாரியிடம் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். மற்ற இடங்களில் வயதைப் பார்த்து அய்யா (அண்ணன்), அக்கா, மல்லி (தம்பி), நங்கி (தங்கை) என்று முறை சொல்லிக் கூப்பிடுவது பொதுவாகப் பிழையாகாது.

எழுத்து மறந்திருந்தால் கடைசியாகப் பார்க்கலாம். அதற்கும் ரயில்தான். கொடிகாமம், பளை, பரந்தன், கிளிநொச்சி என்று நிலையப் பலகைகள் மும்மொழியிலும் இருக்கும். பெயர் முன்பே தெரியும் என்பதால் எழுத்து தானாகப் பிடிபடும்.